படம் ஓடாத மடிக்கணினி

பிரவுசரின் கதை – 12

ரியல்பிளேயர், குயிக்டைம், விண்டோஸ் மீடியா பிளேயர் மூன்றும் பிரவுசருக்குள் இடம் பிடிக்க அடித்துக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். அந்தச் சண்டையில் மூவரும் தோற்று, சம்பந்தமே இல்லாத நாலாவது ஆள் ஜெயித்தான். கார்ட்டூன் அசைப்பதற்கென்று பிறந்த பிளாஷ். 2002இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் அது வீடியோ காட்டக் கற்றுக்கொண்டது. 2005இல் யூடியூப் கடை திறந்தபோது பிளாஷை நம்பித்தான் திறந்தது. அதே ஆண்டு அடோபி, பிளாஷின் சொந்தக்காரரான மேக்ரோமீடியாவை விலைக்கு வாங்கியது. அதன்பின் பிரவுசரில் படம் பார்ப்பதென்றால் அடோபி கொடுக்கும் சின்ன மென்பொருள் ஒன்று கணினியில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் படம் வரவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் பெட்டி, நடுவில் ஒரு புதிர்த்துண்டு. ‘பிளக்-இன் இல்லை.’

அந்தச் சாம்பல் பெட்டியின் கதையைச் சொல்ல எனக்கு சிலிக்கன் பள்ளத்தாக்கைவிட எளாவூர்தான் வசதி. கும்மிடிப்பூண்டி தாண்டி, சூலூர்பேட்டை போகும் ரயில் தடத்தில் இருக்கிற ஊர். கொல்கத்தா நெடுஞ்சாலையின் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கிழக்கே போனால் சுண்ணாம்புக்குளம், ஓபசமுத்திரம், அப்புறம் பழவேற்காடு ஏரி. வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். மீனும் இறாலும் நண்டும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள், சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டு போகும் பிள்ளைகள். இப்படியொரு ஊருக்கு இணையத்தில் படம் பார்ப்பது எப்படி வந்து சேர்ந்தது என்று யாரும் வரலாறு எழுதவில்லை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டு மாணவர்களின் கைக்குப் போயின. மீன்கூடை காயும் திண்ணையிலும் ஒன்று இருந்தது. தொடக்க காலப் பெட்டிகளில் இரண்டு இயங்குதளங்கள். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அது மைக்ரோசாப்ட் வேண்டுமென்றே கைகாலைக் கட்டி அனுப்பிய பதிப்பு. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. இன்னொன்று பாஸ் லினக்ஸ். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம். தமிழ் இடைமுகம் இருந்தது, அலுவலக மென்பொருள் இருந்தது. பைசா செலவில்லாத, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கக்கூடிய மென்பொருள். ஒரு அரசு தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு இதைவிட நல்லது கிடையாது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் யூடியூப் ஓடவில்லை.

பையன்கள் பாஸை ஒதுக்கிவிட்டு விண்டோஸுக்குத் தாவியதற்கு ஆசிரியர்கள் பல காரணம் சொல்வார்கள்: பழக்கமில்லை, கேம் இல்லை, சொல்லித்தர ஆளில்லை. எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்தச் சாம்பல் பெட்டியின் பங்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சுதந்திர மென்பொருள் மட்டுமே இருக்க வேண்டிய டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் பிளாஷுக்கு இடமில்லை. தனியே இறக்கிப் போட வேண்டும். அதைச் சொல்லித்தர எளாவூரில் ஆளில்லை. போட்டவர்களுக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. 2012 பிப்ரவரியில் அடோபி, லினக்ஸுக்கான பிளாஷ் 11.2ஆம் பதிப்போடு சரி, அதற்கு மேல் வேண்டுமென்றால் கூகுள் குரோமுக்குள் வருவதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று கையைக் கழுவியது. காக்களூர் விழா முடிந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பிறகு 2016இல் மனம் மாறி மறுபடி வெளியிட்டார்கள். அதற்குள் பிளாஷே சாகக் கிடந்தது.

பிளாஷ் இல்லாமல் பார்க்க வழியே இல்லையா என்றால், இருந்தது. 2010 ஜனவரியிலேயே யூடியூப் ஒரு சோதனைப் பக்கம் திறந்திருந்தது. யூடியூப் முகவரியின் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ‘எச்டிஎம்எல்5’ என்று அடித்தால், ‘சேர்ந்துகொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்திவிட்டால் பிளாஷ் இல்லாமலே படம் ஓடும். பிளக்-இன் எதுவும் தேவையில்லை, படம் காட்டுவது பிரவுசரின் சொந்த வேலையாக இருக்கட்டும் என்று 2007இல் ஓபரா நிறுவனத்தார் முன்வைத்த ‘வீடியோ’ குறிச்சொல்லின் பெரிய வெள்ளோட்டம் அது. ஃபயர்பாக்ஸின் நாலாம் பதிப்பு இருந்தாலே போதும். ஒரே ஒரு நிபந்தனை: விளம்பரம் உள்ள படங்கள் மட்டும் பழையபடி பிளாஷில்தான் ஓடும். பிளாஷை அத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது எது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

அந்த வெள்ளோட்டம் ஏன் ஐந்து வருடம் இழுத்தது என்பதற்கு இந்த ஏரியிலிருந்தே ஒரு விளக்கம் சொல்லலாம். பழவேற்காட்டின் தென்பகுதியில் பட்டினவர் ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. மீன் வரத்துள்ள இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, உரிமையுள்ள குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக் கொடுப்பார்கள். தண்ணீர் எல்லாருக்கும் பொதுதான். அந்த இடத்தில் வலை கட்டும் உரிமை பொதுவில்லை. பாட்டில் பங்கில்லாத இருளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். எச்.264 என்கிற வீடியோ சுருக்க முறை அப்படியொரு பாடு. அது எப்படி வேலை செய்கிறது என்பது அச்சிட்டு வெளியிட்ட தரநிலை. யாரும் படிக்கலாம், நிரல் எழுதலாம். ஆனால் அதைப் பிரித்துக் காட்டும் மென்பொருளை வெளியிட வேண்டுமானால் காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனங்களின் கூட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஃபயர்பாக்ஸை வெளியிடும் மொசில்லா கணக்குப் போட்டுப் பார்த்தது: ஆண்டுக்கு 50 லட்சம் டாலர். பணம் கொடுத்தாலும் அந்த உரிமை மொசில்லாவுக்கு மட்டும்தான். ஃபயர்பாக்ஸை எடுத்துத் தன் இயங்குதளத்தில் வைத்து வினியோகிக்கும் டெபியனுக்கோ நம் பாஸுக்கோ அது பாயாது. அதனால் மொசில்லா மாட்டேன் என்றது. ஆப்பிளும் மைக்ரோசாப்ட்டும் சரி என்றன. அவர்கள் அந்தக் கூட்டிலேயே பங்காளிகள்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2010இல் கூகுள் ஆன்2 என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் வி.பி.8 முறையை ‘வெப்எம்’ என்ற பெயரில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2011 ஏப்ரலிலிருந்து யூடியூப்பில் புதிதாக ஏறும் எல்லாப் படங்களுக்கும் வெப்எம் பிரதி தயாரானது. 2013 அக்டோபரில் சிஸ்கோ ஒரு விசித்திரமான தர்மம் செய்தது: எச்.264 மென்பொருளைத் தானே தயாரித்து, கட்டணத்தையும் தானே கட்டி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளுங்கள் என்றது. 2015 ஜனவரி 27 அன்று யூடியூப் பிளாஷை ஒதுக்கிவிட்டு எச்டிஎம்எல்5ஐ இயல்பாக்கியது. 2020 டிசம்பர் 31 அன்று பிளாஷுக்கு அடோபி கருமாதி செய்தது.

இந்த வரலாறு முழுக்கவும் இணைப்பு தடையில்லாமல் இருக்கிறது என்ற நினைப்பிலேயே நடந்தது. ஏரிக்கரையில் அந்த நினைப்புக்கே இடமில்லை. ‘நெட்செட்டர்’ என்று எந்தக் கம்பெனி டாங்கிளையும் கூப்பிட்ட காலம். மூன்று நிமிடப் படம் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி பத்து நிமிடம் ஓடும். எனவே உண்மையான மாற்று வழி பிரவுசருக்கு வெளியே, ரீசார்ஜ் கடையில் பிறந்தது.

“ண்ணா, லேப்டாப்புல யூடியூப்பே வர்ல ண்ணா. ஏதோ பிளக்கின்னு கேக்குது.”

“விண்டோஸ்ல போட்டுப் பாத்தியா?”

“அதுல வருது, ஆனா சுத்திக்கினே கீது.”

“சரி, பென் டிரைவ் வெச்சிட்டுப் போ. இன்னா பாட்டுன்னு சீட்ல எழுதிக் குடு. சாயங்காலம் வா.”

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், எளாவூர் என்று இந்தத் தடத்துக் கடைகளில் அப்போது கேட்கக் கிடைத்த பேச்சு இது. ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று ஒரு அட்டை தொங்கும். இரண்டு ஜிபி கார்டுக்குப் பத்து, இருபது ரூபாய். கடைக்கணினியில் தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் தனித்தனி போல்டரில் இருக்கும். எல்லையோர வியாபாரம், லாரிக்காரர்களும் வாடிக்கையாளர்கள். வேலை நடந்த விதம் தெளிவானது. இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜரைப் பிரவுசரில் ஒட்டவைத்திருப்பார்கள். படம் ஓடத் தொடங்கியதும் மூலையில் ஒரு பட்டை முளைத்து ‘இந்த வீடியோவை இறக்கவா?’ என்று கேட்கும். அது இல்லாதவர்கள் முகவரியில் யூடியூப் என்பதற்கு முன்னால் இரண்டு ‘எஸ்’ சேர்ப்பார்கள். வேறொரு தளம் திறந்து கோப்பைக் கையில் கொடுத்துவிடும். பிறகு ஃபார்மேட் ஃபேக்டரியில் போட்டு நோக்கியாவுக்கு ‘3ஜிபி’ (3GP) வடிவம், சைனா செட்டுக்கு வேறு அளவு என்று மாற்றுவார்கள். காப்புரிமைச் சட்டப்படி இதில் பெரும்பகுதி திருட்டுதான், பூசி மெழுக வேண்டியதில்லை. தொழில்நுட்பக் கண்ணோடு பார்த்தால் அந்தக் கடைக்காரர் செய்தது ஒரு சரியான கண்டுபிடிப்பு. நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கு, இணைப்பில்லாத இடத்தில் நூறுமுறை பார். ஏரிக்குள் தோணியில் போகிறவனுக்கு இதைவிட்டால் வேறு எந்த வழியும் பொருந்தாது.

இதைக் கடைசியாகப் புரிந்துகொண்டது யூடியூப். 2014 டிசம்பரில் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் ‘ஆஃப்லைன்’ பொத்தானைக் கொண்டுவந்தது. கைப்பேசிச் செயலியில் படத்தைச் சேமித்து 48 மணிநேரம் வரை இணைப்பில்லாமல் பார்க்கலாம். 2016இல் அறிவித்த யூடியூப் கோ இன்னும் ஒரு படி போனது. எந்தத் தரத்தில் எத்தனை எம்பி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியது, பக்கத்தில் இருப்பவரின் போனுக்கு டேட்டா செலவில்லாமல் அனுப்பியது. அட்டை தொங்கவிட்ட ரீசார்ஜ் கடையையே கூகுள் செயலியாக்கிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். 2022 ஆகஸ்டில் அதை மூடியும் விட்டார்கள்.

இடையில் 2016 செப்டம்பர் 5 வந்தது. அதற்கு முன் ஒரு ஜிபி 250 ரூபாய் வாக்கில் விற்ற டேட்டாவை ஜியோ மாதக்கணக்கில் இலவசமாகக் கொட்டியது. கார்டு ஏற்றும் கடைகள் சத்தமில்லாமல் கவர், டெம்பர்ட் கிளாஸ் விற்கும் கடைகளாயின. அடுத்த ஆண்டு 1,500 ரூபாய் முன்பணத்தில் ஜியோபோன். இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. ஜியோபோனின் கைஓஎஸ், மொசில்லா உருவாக்கிக் கைவிட்ட ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் வாரிசு. 2014இல் இன்டெக்ஸ் நிறுவனம் 1,999 ரூபாய்க்கு ஃபயர்பாக்ஸ் போன் விற்றுப் பார்த்தது, நிலைக்கவில்லை. அதே குடும்பத்துப் பிரவுசர், பொத்தான் போனுக்குள் ஒளிந்து, கோடிக்கணக்கானவர்களுக்கு யூடியூப் காட்டியது. தாங்கள் ஃபயர்பாக்ஸின் பேரப்பிள்ளையை வைத்திருக்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது. பாடப்புத்தகங்களில் 2018 முதலே க்யூஆர் குறியீடுகள் இருந்தன. அவற்றை ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா செயலியில் பாட வீடியோ திறக்கும், இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், அப்பா தொழிலுக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும் என்பது தனிக்கதை. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது அந்த ஜூலையில் அரசு செய்த ஒரு காரியம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் இலவச மடிக்கணினியைப் பள்ளிக்கு எடுத்துவர வேண்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் சர்வரிலிருந்து பாட வீடியோக்களை அதில் ஏற்றித் தருவார்கள். சில வருடங்களுக்கு முன் ரீசார்ஜ் கடைக்காரர் பென் டிரைவில் செய்த அதே வேலை, இப்போது அரசாணையோடு. இணைப்பு நேரலையாக இருந்தால்தான் கல்வி என்று பெரிய நகரங்கள் ஜூமில் தவித்தபோது, இது எவ்வளவோ புத்திசாலித்தனமான ஏற்பாடு.

அந்த மடிக்கணினிகளில் சில இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. இன்று அவற்றில் யூடியூப் போட்டால் சாம்பல் பெட்டி வராது. விசிறி கத்தும், படம் விக்கிவிக்கி நகரும். இதன் காரணம் மேலே சொன்ன சண்டையின் தலைகீழ் விளைவு. கூகுள் தன் இலவச முறையை வி.பி.9 என்றும், பிறகு பல நிறுவனங்களோடு சேர்ந்து 2018இல் ஏ.வி.1 என்றும் வளர்த்தது. யூடியூப் இப்போது பெரும்பாலும் அவற்றையே அனுப்புகிறது. அவை டேட்டாவை மிச்சப்படுத்தும், உண்மை. ஆனால் 2011–12இன் சில்லுகளுக்குள் எச்.264ஐப் பிரிக்கத்தான் தனிச் சுற்று உண்டு, வி.பி.9ஐ முழுதாகப் பிரிக்கும் சுற்று இன்டெல் சில்லுகளில் வந்ததே 2016–17இல். ஆக, பழைய பெட்டி ஒவ்வொரு சட்டகத்தையும் மூளையால் கணக்குப் போட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது. 2 ஜிபி ரேம் பெட்டி என்ன செய்யும்? விடுதலைக்காகப் பிறந்த முறை ஏழையின் கணினியைத் திணறடிக்கிறது. காசு கேட்ட பழைய முறை அதற்கு நண்பனாகிவிட்டது.

வழி இருக்கிறது. ‘எச்264ஐஃபை’ என்றொரு சின்ன நீட்சி ஃபயர்பாக்ஸுக்குக் கிடைக்கிறது. ‘இந்தப் பிரவுசருக்கு எச்.264 மட்டும்தான் தெரியும்’ என்று யூடியூப்பிடம் பொய் சொல்வதே அதன் முழு வேலை. யூடியூப் நம்பி, பழைய பிரதியை அனுப்பும். விசிறி அடங்கும். அதற்கும் திணறினால் 360பியில் வைத்துப் பாருங்கள். பதினாலு அங்குலத் திரையில் பாடம் புரிய அது போதும். விண்டோஸ் 7இல் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: குரோம் 2023 பிப்ரவரியோடு அதைக் கைவிட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸின் 115ஆம் நீள்ஆதரவுப் பதிப்புதான் அங்கே கடைசிப் புகலிடம். எடை குறைந்த ஒரு லினக்ஸுக்கு மாறுவது இன்னும் நல்லது. பாஸ் லினக்ஸைக் கைவிட்ட பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது சிரிப்பாக வருகிறது. தமிழில் வழிகாட்டி வேண்டுவோருக்கு 2012 முதல் வரும் ‘கணியம்’ மின்னிதழ் இருக்கிறது.

பிரவுசரே வேண்டாம் என்றால் வி.எல்.சி. அதன் மீடியா பட்டியலில் பிணைய ஓடையைத் திறக்கும் வசதி உண்டு. நேரடி முகவரி உள்ள எந்தப் படத்தையும் அங்கே ஒட்டினால் ஓடும். யூடியூப் முகவரிகள் மட்டும் அடிக்கடி மக்கர் செய்யும், ஏனென்றால் இன்றைய தளங்கள் படத்தை ஒரே கோப்பாக அனுப்புவதில்லை. சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒலி தனி, ஒளி தனி என்று அனுப்பி, பிரவுசருக்குள் ஒட்டுகின்றன. வலச்சொடுக்கில் ‘சேமி’ என்பது வராமல் போனதும் இதனால்தான். அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கத் தெரிந்த நிரல்தான் 2006இல் தொடங்கிய யூடியூப்-டிஎல். 2020 அக்டோபரில் அமெரிக்க இசைக் கம்பெனிகளின் சங்கம் நோட்டீஸ் விட்டு அதை கிட்ஹப்பிலிருந்து தூக்க வைத்தது. எதிர்ப்பு கிளம்பி மூன்றே வாரத்தில் திரும்ப வந்தது. இன்று அதன் கிளையான ஒய்டி-டிஎல்பி ஓடுகிறது. படம் இறக்குவது யூடியூப்பின் நிபந்தனைகளுக்கு எதிரானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அரசு காசில் எடுத்த பாட வீடியோவை ஒரு மாணவர் இறக்கி வைத்துக்கொள்வதில் யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு விளங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வி.எல்.சி.யின் தளமே 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் திறக்காமல் போனது. பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய, உலகமே நம்புகிற ஒரு சுதந்திர மென்பொருள். காரணம் அப்போது யாருக்கும் சொல்லப்படவில்லை. இணைய சுதந்திர அறக்கட்டளையின் துணையோடு வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த ஒன்பது மாதமும் லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு வி.எல்.சி. வருவது தத்தம் இயங்குதளக் களஞ்சியத்திலிருந்து.

இத்தனை சந்து பொந்துகளும் அடைபடும் இடம் ஒன்று இருக்கிறது. புதுப்படம் காட்டும் ஓடிடி தளங்கள். அங்கே வரும் துண்டுகள் பூட்டப்பட்டவை. சாவி, கூகுளின் வைட்வைன் போன்ற மூடிய நிரல்களிடம் இருக்கிறது. பிளாஷை விரட்டிவிட்டு, திறந்த வலை என்று மார்தட்டிய, வலைத் தரநிலைகளை வகுக்கும் அதே டபிள்யூ3சி அமைப்பு, அந்தப் பூட்டைப் பிரவுசருக்குள் பொருத்தும் முறைக்கு 2017 செப்டம்பர் 18 அன்று தரநிலை முத்திரை குத்தியது. அன்றே மின்னணு எல்லை அறக்கட்டளை டபிள்யூ3சியிலிருந்து விலகியது. மொசில்லா இந்த முறை மாட்டேன் என்று சொல்லவில்லை. லினக்ஸ் ஃபயர்பாக்ஸில் நெட்ஃபிளிக்ஸ் திறந்து பாருங்கள்: கட்டணம் முழுசாகக் கட்டியிருந்தாலும் படத்தின் தரம் பாதியில் நின்றுவிடும். வைட்வைன் உங்கள் கணினியை எந்த அளவுக்கு நம்புகிறது என்பதைப் பொறுத்துத்தான் தரம். அந்த நம்பிக்கையை அளக்கும் எல்1, எல்2, எல்3 என்ற மூன்று படிகள் எப்படி வந்தன, எந்தப் பெட்டி எந்தப் படியில் நிற்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)